வீட்டில் ஒருவர் பள்ளி உளவியல் படிக்கிறார்

உலகத்தில் படிக்கிறவர்கள் பல ரகம். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் படிக்கிறவர்கள், புத்தகத்துக்கு அட்டை போடுவதோடு படிப்பை முடித்துக்கொள்கிறவர்கள், பக்கத்தில் இருப்பவர் படிப்பதைப் பார்த்தே களைத்துப்போகிறவர்கள் என்று எத்தனையோ பேர். இவர்களால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. சட்டம் படிக்கிறவர் வீட்டில் இருப்பவர்கள் மேல் வழக்குப் போடுவதில்லை. கட்டடக் கலை படிக்கிறவர் மாமனார் தலைமேல் சுவர் எழுப்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பள்ளி உளவியலில் முதுகலை படிக்கிறவர் என்று ஒரு ரகம் இருக்கிறது. அம்மாடி! படிப்பது அவர், பரீட்சை எழுதுவது வீட்டில் இருக்கிற நாம்.

நீங்கள் இன்னும் இந்த ரகத்திடம் மாட்டவில்லை என்றால் உங்கள் நல்ல நேரம். எதற்கும் அடையாளம் சொல்லி வைக்கிறேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். அதே கயிற்றில் ஒரு ஸ்டாப்வாட்சும் தொங்கும். கையில் கிளிப் வைத்த எழுத்து அட்டை இருக்கும். பின்னால் சக்கரம் வைத்த ஒரு சூட்கேஸ் தூங்குகிற குழந்தையைத் தள்ளுகிற மாதிரி மெதுவாக வரும். நீங்கள் எதைக் கேட்டாலும் பதில் வராது. "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டால் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "ஏன் அப்படிக் கேக்கத் தோணுச்சு?" என்பார். பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்கிற மனிதனுக்கு இதைவிடக் கொடுமை உண்டா?

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்றால், இந்த ரகத்தில் ஒன்று என் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறது. என் கூடப் பிறந்த தம்பி. முப்பத்தேழு வயது. பன்னிரண்டு வருஷம் வங்கிக் கவுண்டரில் நல்லபடியாக உட்கார்ந்திருந்தான். ஒருநாள் ஒரு அம்மா தன் பத்து வயது மகளோடு வந்திருக்கிறாள். படிவத்தில் தன் பெயரை எழுதத் தெரியாமல் அந்தப் பெண் விழித்ததும், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அந்த அம்மா பளாரென்று ஓர் அறை விட்டாளாம். நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஐயோ பாவம் என்போம், அடுத்த டோக்கனைக் கூப்பிடுவோம். இவன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் மாதம் வேலையை விட்டான். கல்யாணமும் இல்லாமல், சம்பளமும் இல்லாமல், மூன்று பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அக்கா, நான் திரும்பப் படிக்கப் போறேன்" என்றான். இளகின மனசு, காரியத்துக்கு ஆகமாட்டான் என்று அவனைப் பற்றி நான் எப்போதோ முடிவு கட்டி வைத்திருந்தேன். அது சரிதான் என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

இந்த ரகத்தின் முதல் வேலை விளக்கம் சொல்வது. படிப்பதைக்கூடப் படித்துவிடலாம், அது என்ன படிப்பு என்று அக்கம்பக்கத்துக்குப் புரியவைக்க முடியாது. எதிர்வீட்டுக்காரர் வாளியை வாசல் குழாயடியில் வைத்துவிட்டு, ஏதோ மரியாதைக்கு, "அப்படின்னா என்ன தம்பி, பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்று கேட்டுத் தொலைத்தார். அவ்வளவுதான். மருத்துவர் இல்லை, மாத்திரை தரமாட்டோம். ஆசிரியர் இல்லை, பாடம் நடத்தமாட்டோம். ஆலோசகரா என்றால் அதுவும் முழுக்க இல்லை, அதில் கொஞ்சம் உண்டு. ஒரு குழந்தைக்கு ஏன் எழுத்து கூடவில்லை, ஏன் வகுப்பில் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை என்று சோதித்துப் பார்த்து, அதற்கு என்ன செய்யலாம் என்று பள்ளிக்கூடத்துக்கும் பெற்றோருக்கும் எழுதிக்கொடுக்கிறவர்கள் நாங்கள். இவன் இப்படி அடுக்க அடுக்க, வாளி நிரம்பி வழிந்து, வாசல் நனைந்து, அவருடைய செருப்பு மிதந்து தெருவுக்கே போய்விட்டது. கடைசியில் அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு, "அப்ப பைத்தியத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எங்கள் அப்பா இந்தச் சிக்கலை ஒரே வரியில் தீர்த்துவைத்தார். அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் எல்லைக்கல் நட்டுத்தான் பழக்கம். யார் கேட்டாலும், "ஹெட்மாஸ்டருக்கே புத்தி சொல்ற வேலை" என்று சொல்லிவிடுவார். யாருக்குத்தான் அது பிடிக்காது?

அடுத்தது பாஷை. இவன் படிக்க ஆரம்பித்த ஆறாவது வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் சோம்பேறி என்று யாரும் கிடையாது, முரடு கிடையாது, அழுமூஞ்சி கிடையாது. ஒன்பது வயதான என் மகள் பிடிவாதக்காரி இல்லையாம், 'மாற்றத்தை ஏற்பதில் நெகிழ்வு குறைவு.' அப்பா சொன்ன கதையையே சொல்லிக் கழுத்தறுப்பதில்லையாம், 'தலைப்பை நீண்ட நேரம் தக்கவைக்கிறார்.' என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். லீவு நாளில் சோபாவில் விழுந்தால் எழுந்திருக்கவே மாட்டார். அதற்குப் பெயர் 'செயலைத் தொடங்குவதில் சிரமம்.' இந்தப் பெயர் என் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. குப்பைக்கூடையைக் கொண்டுபோய் வெளியே வையுங்கள் என்றால், "எனக்குத் தொடங்குறதுலதான் சிரமம், உன் தம்பியே சொல்லிட்டான்" என்று மறுபக்கம் புரண்டு படுத்தார். படிப்பு முன்னேற முன்னேற வீட்டில் வேலை செய்கிற ஆள் நான் ஒருத்திதான் மிஞ்சினேன். எனக்கு மட்டும் ஒரு சிரமத்தையும் அவன் கண்டுபிடித்துத் தரவில்லை.

அதற்கப்புறம் கவனித்துக் குறிப்பெடுக்கிற பருவம் வந்தது. மனிதர்கள் செய்கிற எந்தக் காரியமும் ஒன்று எதையாவது அடைவதற்காக இருக்கும், இல்லாவிட்டால் எதிலிருந்தாவது தப்பிப்பதற்காக இருக்கும் என்று பாடத்தில் வந்ததாம். வாரம் முழுக்க எழுத்து அட்டையும் கையுமாகக் கூடத்து மூலையில் உட்கார்ந்துவிட்டான். பதினைந்து வினாடிக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து ஒரு டிக் போடுவான். ஒருவராலும் நிம்மதியாக முதுகைச் சொறிந்துகொள்ள முடியவில்லை.

"அத்தான், இப்ப பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரா பிடிச்சீங்களே, அதுக்குக் கொஞ்சம் முன்னால என்ன நடந்துச்சு?"

"உங்க அக்கா பேச ஆரம்பிச்சா."

"பிடிச்சதுக்கு அப்புறம்?"

"ஒண்ணும் கேக்கல மாப்ள."

தம்பி அட்டையில் 'தப்பிக்க' என்று எழுதி அடிக்கோடு போட்டான். பதினான்கு வருஷமாக எனக்குத் தெரியாத விஷயமா இது? இதற்கு ஒரு முதுகலையா?

அப்பாவுக்கு வந்த வினைதான் பெரிய வினை. நல்ல பழக்கத்தை ஊக்குவிக்க நட்சத்திரம் ஒட்டுகிற அட்டவணை ஒன்று தயாரித்து, நடைமுறைப்படுத்திக் காட்டு என்று இவனுக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். யாரிடம் காட்டுவது? ரத்த அழுத்தத்துக்கு அப்பா காலையில் ஒரு மாத்திரை போடுகிறார் அல்லவா, அதற்கு ஒரு அட்டவணை கீறி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். போட்டால் ஒரு தங்க நட்சத்திரம். ஐந்து சேர்ந்தால் அவர் விரும்புகிற டிவி நிகழ்ச்சியை யாரும் மாற்றக்கூடாது. பதினைந்து வருஷமாக யாரும் சொல்லாமல் தானே மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த மனுஷன், இரண்டே வாரத்தில் நட்சத்திரம் ஒட்டினால்தான் வாயைத் திறப்பது என்று ஆகிவிட்டார். மூன்றாம் வாரம் நட்சத்திரத் தாள் தீர்ந்துபோனது. "நட்சத்திரம் வரட்டும், போட்டுக்கிறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கடைக்கு ஓடி நட்சத்திரம் வாங்கி வந்தேன். அது வெள்ளி. "நேத்து வரைக்கும் தங்கம், இன்னிக்கு என்ன இறக்கிட்டீங்க?" என்று சண்டை. தம்பிக்கு அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் கிடைத்தது. அப்பா இன்னமும் நட்சத்திரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் பரவாயில்லை என்று சொல்ல வைத்தது அந்த சூட்கேஸ். பல்கலைக்கழகம் இரண்டு இரண்டு வாரமாக இரவல் கொடுக்கிற சோதனைப் பெட்டி அது. உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள், வெட்டிப்போட்ட படங்கள், கேள்விப் புத்தகம், விடைத்தாள் எல்லாம் இருக்கும். அதை வைத்துக் குழந்தைகளைச் சோதிக்கப் பழக வேண்டும். சோதனை என்றால் சும்மா இல்லை. புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல் கேட்க வேண்டும். குழந்தை சரியாகச் சொன்னாலும் முகம் மலரக்கூடாது. தப்பாகச் சொன்னாலும் புருவம் அசையக்கூடாது. "சபாஷ்" கூடாது, "அட" கூடாது, "ம்" கூட யோசித்துத்தான் சொல்ல வேண்டும். சொல்ல அனுமதி உள்ளது ஒரே ஒரு வாக்கியம்தான்: "நீ நல்லா முயற்சி பண்றே, அது எனக்குத் தெரியுது."

இந்த வாக்கியம் வீட்டுக்குள் வந்தது. சாப்பாடு போட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்காடா?" என்று கேட்டேன். ஐந்து வினாடி என் முகத்தையே பார்த்தான். "நீ நல்லா முயற்சி பண்றேக்கா, அது எனக்குத் தெரியுது" என்றான். கரண்டி கையில் இருந்தது. பெற்றவர் எதிரே உட்கார்ந்திருந்ததால் தப்பித்தான்.

பழகுவதற்குக் குழந்தைகள் வேண்டுமே? ஆறு குழந்தைகள், ஆறு வயது முதல் பன்னிரண்டு வரை. ஆளுக்கு ஒரு தடவைதான். சொந்தக்காரப் பிள்ளை கூடாது. பெற்றோர் நான்கு பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இவன் சூட்கேஸை உருட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனான். படிவத்தின் மூன்றாம் பக்கம் வரை எல்லாத் தாய்மார்களும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். 'சோதனை முடிவு பெற்றோருக்குத் தெரிவிக்கப்படமாட்டாது' என்று நாலாம் பக்கத்தில் வரும். "என் பிள்ளைக்கு எவ்வளவு மூளைன்னு எனக்கே சொல்லமாட்டியா? அப்ப நீ எதுக்கு வந்தே?" என்று கதவு சாத்தப்படும். ஒரு மாதத்தில் இவனுக்குத் தெருவில் 'பிள்ளை பிடிக்கிறவர்' என்று பெயர் வந்துவிட்டது. சூட்கேஸ் சக்கரச் சத்தம் கேட்டாலே சைக்கிளைப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடின. கெஞ்சிக் கூத்தாடி எப்படியோ ஆறு பேரைத் தேற்றினான்.

முதல் தேர்வு வந்தது. ஒரு பள்ளியில், நிஜமான ஒரு குழந்தையை இவன் சோதிக்க வேண்டும், பேராசிரியை கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். எங்கள் வீட்டில் அவருக்குப் பின்வரிசை அம்மையார் என்று பெயர். பாதி வரை எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கிறது. ஒரு கட்டைப் புதிரில் அந்தக் குழந்தை தடுமாறி, கண் கலங்கி, உதடு துடிக்க ஆரம்பித்ததும், இவனுக்குத் தாங்கவில்லை. சுண்டுவிரலால் ஒரு கட்டையை இப்படித் திருப்பி வைத்துவிட்டான். பின்வரிசையில் பேனா மூடுகிற சத்தம் கேட்டதாம்.

"நீங்க அந்தக் குழந்தைக்கு உதவி பண்ணல. அதுக்கு உதவி வேணும்ங்கிறதை யாரும் பார்க்க முடியாம பண்ணிட்டீங்க" என்று அம்மையார் சொன்னார். அத்தோடு தேர்வில் தோல்வி. இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. அதிலும் போனால் படிப்பை விட்டே வெளியேற வேண்டியதுதான். வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளாது. முப்பத்தேழு வயதுக்காரனுக்கு இன்னொரு தடவை யார் வாசலைத் திறந்து வைத்திருப்பார்கள்? மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவனுக்குச் சாப்பாட்டை நானே மேலே எடுத்துப்போனேன். வாய் மட்டும் சும்மா இருக்குமா? "உன்னால எதைத்தான்டா முழுசா முடிக்க முடிஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அன்றைக்குத்தான் என் மகள் அவன் அறைக்குப் போய், "மாமா, என்னை வெச்சுப் பழகிக்கோங்க" என்றாள். சொந்தக்காரப் பிள்ளை கூடாதுதான். ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பவும் கூடாதுதான். ஆனால் இது சோதனை இல்லையாம், ஒத்திகை. முகத்தை அசைக்காமல் இருக்க ஒத்திகை, வாயை மூடிக்கொண்டிருக்க ஒத்திகை. எத்தனை தடவை நடந்தது என்று நினைக்கிறீர்கள்? பதினான்கு. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவரும் மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்து, குடைக்கும் தொப்பிக்கும் என்ன ஒற்றுமை, இந்த எண்களைப் பின்னாலிருந்து சொல்லு என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஏழாவது தடவையிலிருந்து மகள் அவனைத் திருத்த ஆரம்பித்தாள். "மாமா, இந்த இடத்துல நீங்க சிரிக்கப் போறீங்க, உதட்டைக் கடிங்க." அவன் கடித்துக்கொள்வான். நான் சமையலறையிலிருந்து பார்த்துச் சிரித்தேன். அவன் உருப்பட வேண்டுமே என்று ஏதோ ஒரு கடவுளிடம் சொல்லியும் வைத்தேன்.

இரண்டாவது தேர்வு என் மகளின் பள்ளியிலேயே அமைந்தது. யாரைச் சோதிக்கப் போகிறான் என்று அவன் மூச்சு விடவில்லை. ரகசியம் காப்பதில் மட்டும் மன்னன். எனக்கு வேறு வழியில் தெரிந்தது. என் மகளின் பக்கத்து பெஞ்சுப் பெண். வாயால் கதை சொன்னால் வகுப்பே அவளைச் சுற்றி உட்காருமாம். புத்தகத்தைத் திறந்தால் வயிற்று வலி வந்துவிடுமாம். அவளுடைய அம்மா மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர். எழுத்து கூடாத பிள்ளைகளுக்கென்று பள்ளியில் ஒரு தனி வகுப்பு இருக்கிறது, அதில் மகளைச் சேர்க்கச் சொல்லி இரண்டு வருஷமாக அலைகிறார். சோதனையில் குறை தெரிந்தால்தான் அங்கே இடம். மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். வெள்ளிக்கிழமை முடிவு செய்வார்கள். பள்ளி வாசலில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தம்பிதானே டெஸ்ட் எடுக்கிறாரு? எல்லாரும் இவளைச் சோம்பேறின்னே சொல்றாங்க. கொஞ்சம் நல்லாப் பார்க்கச் சொல்லுங்கம்மா."

அந்தக் கை வெந்நீரிலேயே ஊறிச் சுருங்கிப்போன கை. சொல்கிறேன் என்றேன்.

புதன்கிழமை சாயங்காலம் தம்பி சூட்கேஸை மாடிப்படியில் ஏற்றக்கூட இல்லை, வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தான். ஒரு கையில் கேக் டப்பா. "அக்கா, பாஸ்!" ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லையாம், ஒரு விரல் அசையவில்லையாம். பின்வரிசை அம்மையார் 'குறையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். அப்பா எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து தன்னுடைய தங்க நட்சத்திரம் ஒன்றை உரித்து வந்து அவன் சட்டையில் ஒட்டினார். என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே எழுந்து டீ போட்டார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சாயங்காலம் வந்து எத்தனை நாளாயிற்று!

கேக் வாயில் இருக்கும்போது அவனுக்கு நாக்கு கொஞ்சம் தளர்ந்தது. "யாருன்னு சொல்லமாட்டேன். ஆனா அப்படி ஒரு குழந்தையை நான் பார்த்ததில்லைக்கா. நான் கேள்வியை முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்றா. ஒண்ணுகூட தப்பில்ல. கடைசியில என்ன சொன்னா தெரியுமா? என்னைப் பார்த்து, 'நீங்க நல்லா முயற்சி பண்றீங்க, அது எனக்குத் தெரியுது'ங்கிறா!"

எல்லாரும் சிரித்தோம். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. கேக்கைத் தட்டில் வைத்தாள்.

"அது நான் சொல்லிக்குடுத்தது மாமா."

"எது?"

"எல்லாமே. இன்னிக்கு கிளாஸ்லேர்ந்து கூப்பிட்டது அவளை மட்டும்தானே. டெஸ்ட் வருதுன்னு டீச்சர் முன்னாடியே அவகிட்ட சொன்னப்போ பயந்து அழுதா. அதான் இன்டர்வெல்ல எல்லாம் உக்கார வெச்சுச் சொல்லிக்குடுத்தேன். குடை, தொப்பி, கட்டை, பின்னாலேர்ந்து நம்பர், எல்லாம். பத்து நாளா." அவள் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். "ஏன் மாமா, அவ நல்லாச் சொன்னாதானே?"

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கண் சோதிக்க வருகிறவர்கள் காத்திருக்கிற நாற்காலியிலிருந்தே எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிவிடுவார்கள், பார்வை இருக்கிறதோ இல்லையோ கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பிப்பார்கள். அதற்காகவே பலகையைத் தினமும் மாற்றி வைக்கிறவள் நான். பதினான்கு நாள் என் வீட்டு மேஜையில் ஒரே பலகை ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "சும்மா இருடா. யாருக்குத் தெரியப்போகுது? நீ பாஸ் பண்ணியாச்சு. அந்தப் பொண்ணுக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றேன். ஆமாம், அந்தக் கையைப் பிடித்த அதே நான்தான்.

தம்பி வெகுநேரம் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தான். வியாக்கியானம் எதுவும் சொல்லவில்லை. பாடப்புத்தக வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"அவளுக்குப் படிக்க வரலைக்கா. நாளன்னிக்கு என் பேப்பரைப் பார்த்துட்டு, இவ்வளவு புத்தி இருக்கு, சோம்பேறித்தனம்தான்னு எழுதிடுவாங்க. என் கையெழுத்தோட."

"அப்ப உன் படிப்பு?"

"தெரியல" என்று சொல்லிவிட்டுச் சட்டையில் இருந்த நட்சத்திரத்தை மெதுவாக உரித்து அப்பா கையில் கொடுத்தான். என் மகள் ஓவென்று அழுதாள். அவளை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, "நீ தப்புப் பண்ணலடா கண்ணு. பயந்தவளுக்குத் துணைக்குப் போனே. தப்பு என்னோடது" என்றான். அவன் அதைச் சொன்ன விதத்தில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. அதை வெங்காயத்தின் மேல் போடவும் வழியில்லை, வெங்காயம் உரித்து முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் பின்வரிசை அம்மையாரின் அறை வாசலில் நின்றான். என்ன பேசினார்கள் என்று முழுக்கச் சொல்லவில்லை. விதியை மீறியது, பெட்டியின் ரகசியத்தைக் காப்பாற்றாதது, எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டாராம். தேர்ச்சி ரத்து. வெளியே அனுப்பியிருக்கலாம். தானாக வந்து சொன்னதால் ஒரு வருஷம் பின்னால் போடுவதோடு விட்டிருக்கிறார். முதலிலிருந்து ஆறு குழந்தைகள், முதலிலிருந்து தேர்வு. அந்தப் பெண்ணை அம்மையாரே வேறொரு பெட்டியை வைத்து வியாழக்கிழமை மதியமே சோதித்தார். எழுத்தைப் பார்த்ததும் அந்தக் குழந்தை எங்கெங்கே தடுமாறுகிறது என்று பக்கம் பக்கமாக வந்ததாம். வெள்ளிக்கிழமை அந்த ஓர் இடம் அவளுக்குக் கிடைத்தது. அவளுடைய அம்மா பள்ளி வாசலில் அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் தம்பி பத்தடி தள்ளி, சூட்கேஸும் இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். சோதனையைச் சொதப்பியவர் இவர்தானாம் என்று யாரோ அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும், அவனை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். எனக்குத்தான் ஓடிப்போய் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது. ரகசியமாம், சொல்லக்கூடாதாம்.

போன வாரம் என் மகளின் வகுப்பிலிருந்து ஒரு படிவம் வந்தது. 'உங்கள் குழந்தையைப் பற்றி மூன்று வார்த்தைகள் எழுதவும்.' கடைக்குக் கிளம்புகிற அவசரம். செருப்பை மாட்டியபடியே எழுதினேன்: வாயாடி, பிடிவாதம், சோம்பல். தம்பி எதிரில் இருந்தான், எட்டிப் பார்த்தான். பழைய ஆளாக இருந்தால் இதற்குள் மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்திருப்பான். அன்றைக்கு, "இதை எழுத எவ்வளவு நேரம் ஆச்சுக்கா?" என்று மட்டும் கேட்டான். அழுகிற தோழிக்காகப் பத்து நாள் இடைவேளையைக் கொடுத்த பெண்ணுக்கு, பெற்றவள் செருப்பு மாட்டுகிற நேரத்தில் எழுதிக்கொடுத்த வார்த்தைகள் அவை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. படிவத்தைக் கிழித்துவிட்டேன். புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். நல்லவேளை, நான் அந்தப் படிப்பெல்லாம் படிக்கவில்லை, இந்த ரகத்தில் நான் சேரமாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சரி, ஒரே ஒரு கேள்வி. சரியா தப்பா என்று சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள். உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிற யாரையாவது ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தையில்... பார்த்தீர்களா, நான் கேட்டு முடிக்கவே இல்லை, அதற்குள் உங்களுக்கு வார்த்தை வந்துவிட்டது. என் தம்பிக்கு அந்த ஒரு வார்த்தையை எழுத மூன்று வருஷப் படிப்பும், மூன்று மணி நேரமும், நான்கு பக்கக் கையெழுத்தும் வேண்டியிருக்கிறது.